நத்தாலி என்றார் அப்பா

அப்பா போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். இதை அச்சிடுகிறவன் பாண்டிச்சேரியில் இருக்கும் என் தம்பி. "அக்கா, கடைசிவரைக்கும் அப்பாகூட நீதான் இருந்தே, நீதான் எழுதணும்" என்றான். என்னென்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்தும் அனுப்பினான். கடமை, கண்ணியம், நேரம் தவறாமை, பிரெஞ்சுப் புலமை, இறைப்பற்று. ஐந்தும் உண்மைதான், ஐந்தையும் எழுதுகிறேன். ஆனால் எழுதுகிற கை என்னுடையது. இனிக்க இனிக்க ஒரு கட்டுரை வேண்டும் என்று நினைப்பவர்கள் பின்பக்கத்தில் இருக்கும் செபங்களுக்குப் போய்விடலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

அப்பா பிறந்தது கோட்டுச்சேரியில், சொந்த நிலம் ஒரு குழிகூட இல்லாத வீட்டில். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். அவருடைய தாயார் அரிசி ஆலையில் தவிடு புடைத்து அப்பாவையும் அத்தையையும் வளர்த்தார். அப்பா காரைக்காலுக்கு நடந்தே வந்து படித்தார். மழை நாட்களில் சட்டையைக் கழற்றிப் புத்தகங்களைச் சுற்றிக்கொண்டு வெற்று மார்போடு நடந்ததாகச் சொல்வார். இதை நான் நம்புகிறேன். தன் கஷ்டத்தைப் பற்றி அவர் பொய் சொன்னதே கிடையாது. மற்றவர்களின் கஷ்டத்தைத்தான் பொய் என்பார்.

பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளியிறுதிப் பரீட்சையில் தேறியதும் நகராட்சியில் எழுத்தர் வேலை கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த அலுவலகத்தை மேரி என்பார்கள். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது மேரிதான். அப்பாவுக்குக் கொடுத்தது பிறப்பு இறப்புப் பதிவு. வாசலில் கொடி மாறியது, சுவரில் படம் மாறியது, அப்பா மட்டும் அதே நாற்காலியில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தார். காலை ஒன்பது மணிக்குப் பேனாவில் மை நிரப்புவார். ஒன்பது ஐந்துக்கு முதல் ஆள் அவர் முன்னால் நிற்க வேண்டும். கடமை, நேரம் தவறாமை, இரண்டையும் எழுதிவிட்டேன், தம்பி குறித்துக்கொள்ளலாம்.

மற்ற ஊர்களில் பிறப்பைப் பதியும்போது குழந்தையின் பெயரை எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, சாவகாசமாகப் பிறகு வந்து சேர்த்துக்கொள்வார்கள். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. அப்பா கொடுக்க மாட்டார். "பேரு இல்லாத புள்ளைக்கு என் ரெஜிஸ்தர்ல எடம் இல்ல" என்பார். பெயர் முடிவு செய்யாமல் வந்தவர்களை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். மதியம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவர்களுக்கே ஏதாவது ஒரு பெயர் தோன்றிவிடும். தோன்றாவிட்டால் அப்பாவே எழுதிவிடுவார். தோன்றினாலும், அது அவருக்குப் பிடிக்காவிட்டால், அவர் விருப்பத்துக்கே எழுதிவிடுவார். படகுக்காரர் ஒருவர் முத்து என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தன் மகன் பெயர் விக்தோர் என்று அவருக்கே தெரிந்தது. டிசம்பர் மாதக் கடைசியில் பிறந்த கிறிஸ்தவப் பிள்ளைகளிடம் கேள்வியே கிடையாது. ஆண் என்றால் நொயெல், பெண் என்றால் நத்தாலி, இரண்டும் பிரெஞ்சில் கிறிஸ்துமஸ் பெயர்கள். என் தம்பியின் வகுப்பில் மட்டும் நான்கு நொயெல். வாத்தியார் அவர்களைக் கறுப்பு நொயெல், கண்ணாடி நொயெல், கடைக்கார நொயெல், அழுகிற நொயெல் என்று பிரித்துக் கூப்பிடுவார். நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வராது. திருநள்ளாறு பக்கமிருந்து ஒருவர் ஐந்தாவது பெண் பிறந்த ஆத்திரத்தில் "வேண்டாம்னு எழுதுங்கய்யா" என்று வந்து நின்றார். அப்பா எழுந்து நின்று போட்ட சத்தத்தில் தபால் ஆபீஸ்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்களாம். "வேண்டாம்னா நீ எதுக்குய்யா பொண்டாட்டி கட்டிக்கிட்டே? இந்தப் புள்ள நாளைக்கி வரிசையில நின்னு இந்தப் பேரச் சொல்லணும்ல?" என்று கேட்டுவிட்டு மனோன்மணி என்று எழுதினார். அந்த மனோன்மணி இன்று ஆசிரியை. அப்பாவை எடுத்த அன்று வாசலில் நின்று அவர் அழுத அழுகையை எல்லோரும் பார்த்தோம். ஊரான் பெற்ற பிள்ளைக்காக இப்படி எழுந்து நிற்கத் தெரிந்த மனிதர் அப்பா, கண்ணியத்தையும் தம்பி இங்கே குறித்துக்கொள்ளலாம். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

இந்த மலரின் முதல் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. கீழே தம்பி 'குடும்பத்துடன்' என்று போட்டிருக்கிறான். என் புதுநன்மை அன்று, கோயிலில் நான் முதல்முறை நற்கருணை வாங்கிய நாளில், ஸ்டூடியோவில் எடுத்தது. கோட்டு போட்ட அப்பா, பக்கத்தில் அத்தை, முன்னால் வெள்ளைக் கவுனில் நான், என் கையைப் பிடித்தபடி தம்பி. அம்மா எங்கே என்று கேட்காதவர்கள் திரும்ப ஒருமுறை பாருங்கள். அம்மா அப்போது ஸ்டூடியோவுக்கு வெளியே, வெயிலில், எங்கள் நான்கு பேருடைய செருப்புகளுக்கும் காவலாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரட்டுமா என்று அவர் கேட்டதும், "நீ அங்கயே இரு" என்று அப்பா சொன்னதும் என் காதில் விழுந்தன. எனக்குப் பத்து வயது.

அம்மாவின் பெயர் அருளாயி. போலகத்துக்காரர். நாற்று முடியும் விரலும், உரக்கச் சிரிக்கிற வாயும், எழுதப் படிக்கத் தெரியாத கண்ணும் உள்ளவர். கோட்டுச்சேரியில் தவிடு புடைத்தவருடைய மகனுக்குப் போலகத்தில் நாற்று நட்டவருடைய மகள் குறைச்சலாகத் தெரிந்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேரியில் வருஷப் பிறப்பு விருந்து என்றால் அப்பா அத்தையைத்தான் கூட்டிப் போவார். வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மா அடுப்படியை விட்டு வரக்கூடாது. அம்மாவைக் கூப்பிட அவருக்கு ஒரே சொல்தான் இருந்தது. "இந்தா." வெந்நீர் வேண்டுமானாலும் இந்தா, விளக்கேற்ற வேண்டுமானாலும் இந்தா. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் பெயர் எழுதியவர் ஒருநாளும் என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

புகைப்படம் எடுத்த மறு வருடம் அம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போலகத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். படிப்பு கெடக்கூடாது என்று எங்கள் இருவரையும் அப்பா வைத்துக்கொண்டார். "ஒடம்பு சரியில்ல, அம்மா வீட்டுல இருக்கு" என்று அக்கம்பக்கத்தில் பதினான்கு வருடம் சொன்னார். சனிக்கிழமைகளில் நானும் தம்பியும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம். தம்பிக்கு அது பிறகு பிடிக்காமல் போனது, நான் மட்டும் போனேன். பதினான்காம் வருடம் ஐப்பசி மழையில் மூன்று நாள் காய்ச்சலில் அம்மா போனார். நான் அப்போது ஏழு மாதம். அடக்கத்துக்கு அப்பா வந்தார், கல்லறைத் தோட்டத்துக் கதவுவரை. மண் போடுவதற்கு முன்பே ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பிவிட்டார்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த டிசம்பர் அது. நாடு முழுவதும் ஆபீசுக்கு நேரத்தோடு வரச் சொல்லி அரசாங்கம் போர்டு வைத்துக்கொண்டிருந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். தாய் இல்லாத தாய் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தேன். கிறிஸ்துமஸ் அன்று காலையில், திருநாள் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது, சர்க்கார் ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். ஆயா ஒருத்தி, நர்ஸ் இருவர், பக்கத்துக் கட்டிலில் இருந்த மரைக்காயர் வீட்டு மருமகள், எல்லோரும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பெயர் ஐப்பசியிலேயே முடிவானது. அம்மா இறந்த வருடத்திலேயே பெண் பிறந்தால் அந்தப் பெயரை வைக்காமல் வேறு யார் பெயரை வைப்பது? முதல் பெண்ணுக்குத் தன் பெயரைக் கேட்க என் மாமியாருக்கு உரிமை இருந்தது. அவர், "பெத்தவ பேரையே வை தாயி, எம்பேரு எங்க போயிறப்போவுது" என்று எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். என் கணவருக்கும் சம்மதம்.

பூசை முடிந்து அப்பா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கோட்டு, கையில் கேக் பொட்டலம். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நத்தாலி" என்றார்.

"இல்லப்பா. அருளாயி" என்றேன்.

அவர் கேக் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "அது பேரு இல்ல. களத்துமேட்டுல ஆளக் கூப்புடுற சத்தம்."

"அந்தச் சத்தத்தத்தான் நீங்க ஒருதடவகூடக் கூப்புடல."

"புள்ள பெத்த ஒடம்பு, கத்தாத. இது கர்த்தர் பொறந்த நாள்ல பொறந்த புள்ள. நாளைக்கி பெரிய பள்ளிக்கூடத்துல படிக்கும், நாலு பேரு முன்னாடி நிக்கும். அருளாயினு போயி நின்னா, எந்த வயக்காட்டுலேருந்து வர்றேனு கேப்பான்."

"போலகத்து வயக்காட்டுலேருந்துனு சொல்லட்டும். அதுல என்ன கேவலம்?"

"அந்தப் பேரு என் ரெஜிஸ்தர்ல ஏறாது" என்றார். ஒரு துண்டு கேக்கை எடுத்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில் பெண் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞானஸ்நானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை பெற்றவள் பதினைந்து நாளைக்குக் கோயில் படி ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெற்றவள் வீட்டில் கிடப்பாள், ஞானத்தாய் பிள்ளையைக் கொண்டுபோவார், சாமியார் கேட்கும்போது ஞானத்தாய்தான் பெயர் சொல்ல வேண்டும். ஞானத்தாய் யார்? அத்தை. அத்தை, நீங்கள் இதைப் படிப்பீர்கள், படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கிளம்பும்போது என் தலையில் கை வைத்துச் சொன்னீர்கள். "நீ சொன்ன பேரத்தாண்டி சொல்லுவேன். எனக்கும் அவ அண்ணிதானே." நான் நம்பினேன். சன்னலோரம் உட்கார்ந்து மணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தீர்கள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தீர்கள்.

"என்ன பேரு அத்த?"

"சாமியாரு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஒங்கப்பா முந்திக்கிட்டாரு. கோயில்ல வெச்சு நான் என்ன சண்டையா போடுவேன்?"

போட்டிருக்க வேண்டும் அத்தை. புகைப்படத்தில் அம்மாவின் இடத்தில் நின்றவர் நீங்கள். அந்த ஒரு நாளாவது அவருக்காக வாயைத் திறந்திருக்கலாம்.

மேரி பாக்கி இருந்தது. சர்க்கார் பதிவில் அருளாயி என்று ஏறிவிட்டால் கோயில் பதிவு கிடக்கட்டும் என்று நினைத்தேன். "நீங்க போயி வரிசையில நின்னு எழுதச் சொல்லுங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் லாரி ஷெட்டில் கணக்குப்பிள்ளை, சாது, மாமனாரைக் கண்டால் பேச்சு வராது. வாசலிலேயே அப்பா மறித்தார். "மாப்பிள்ள, நான் இருக்கறப்ப நீங்க எதுக்கு வரிசையில நிக்கணும்? விவரம் எனக்குத் தெரியாதா?" என் கணவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். அன்று நான் அவரோடும் பேசவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டேன். "என்ன பேரு எழுதினீங்க?"

"எழுதறத எழுதியாச்சு" என்றார். கை கால் கழுவப் போய்விட்டார்.

மறுநாளே பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினொரு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தெருவில் பார்த்தால் பேசுவேன், அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வரும், மேலே அவர் கையெழுத்தில் 'நத்தாலிக்கு' என்று இருக்கும். பிள்ளை தின்னும், நான் தொட்டதில்லை. கோயில் சான்றிதழை வைத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் நத்தாலி ஆனாள். வீட்டில் நான் மட்டும் பிடிவாதமாக அருளாயி என்று கூப்பிடுவேன். மனமிருந்தால் ஏன் என்பாள், இல்லாவிட்டால் காது கேட்காத மாதிரி இருப்பாள்.

அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பிறகு நான்தான் போனேன். தம்பிக்கு வேலையை விட்டு வர முடியாது, அத்தைக்கு மூட்டு வலி. பாசத்தால் போனேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பதற்காகப் போனேன். நாற்பத்திரண்டு நாள் குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். உப்பு அதிகம் என்பார், அடுத்த வேளை உப்பு இல்லை என்பார். வாய் நன்றாகவே பேசியது. என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்தித்தாள் படிக்கச் சொல்வார். அவள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பையைத் தடவிப் பார்ப்பார். அவர் பெயர் வைத்த பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்பத்திரண்டு நாளில் அம்மாவைப் பற்றி ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாகும் தறுவாயில் கடைசிப் பாவசங்கீர்த்தனம்கூடப் பிரெஞ்சில்தான் செய்தார். புலமையும் இறைப்பற்றும் வந்துவிட்டன, தம்பி.

அவரை அடக்கம் செய்து நான்கு மாதம் கழித்து, பாண்டிச்சேரியில் நடக்கும் பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கு என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இருநூறு மீட்டர் ஓட்டம். வயதுக்கு அத்தாட்சியாக மேரியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் விளையாட்டு ஆசிரியை. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் நாற்காலியில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். பழைய ரெஜிஸ்தரை எடுத்துப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இங்க பாருங்கம்மா" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

அப்பாவின் கையெழுத்து. பிறந்த தேதி இருந்தது, பெண் என்று இருந்தது, என் கணவரின் பெயர் இருந்தது, என் பெயர் இருந்தது. குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது.

"இந்தப் புத்தகத்துல எல்லாத்துக்கும் பேரு இருக்கும்மா. இது ஒண்ணுலதான் இல்ல" என்றார் அந்தப் பெண்.

நான் மேலேயும் கீழேயும் பார்த்தேன். மேலே நொயெல், கீழே நத்தாலி, அதற்கும் கீழே இன்னொரு நொயெல். நடுவில் என் மகள். பிறகு அத்தையிடம் இதைச் சொன்னபோது, "உள்ளுக்குள்ள பாசம்டி அவருக்கு, எழுத மனசு வரல" என்று அழுதார். என்ன பாசம்? அருளாயி என்று எழுதக் கை வரவில்லை, சரி. நத்தாலி என்று எழுதவும் கை வரவில்லையென்றால் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். பதினொரு வருடம் தெரு முனையில் பார்த்துக்கொண்டோம். நாற்பத்திரண்டு நாள் என் கையால் சாப்பிட்டார். சொல்லவில்லையே. மனமிரங்கினாரா, வீம்புக்கு விட்டாரா என்று என்னைத் தவிக்கவிட்டுப் போய்விட்டார். இதை நான் மன்னிக்கவில்லை. ஆண்டுப் பூசையில் மன்னிப்பைப் பற்றிச் சாமியார் பிரசங்கம் வைத்தாலும் மன்னிக்கமாட்டேன்.

"பேரு சேக்கறதுக்கு ஒரு ஃபாரம் இருக்குங்க. என்ன பேருன்னு எழுதட்டும்?" என்று அந்தப் பெண் கேட்டார். என்னைக் கேட்டவர், என் மகள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஒம்பேரு என்ன பாப்பா?" என்று அவளையும் கேட்டார்.

"நத்தாலி" என்றாள் மகள்.

"அருளாயினு எழுதுங்க" என்றேன் நான்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதுங்கம்மா, பெத்தவ சொல்றேன்ல" என்று குரலை உயர்த்தினேன். என் கணவர் மறுநாள் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாளில் முத்திரை குத்திய சான்றிதழ் கைக்கு வந்தது. அதைப் போலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் சிலுவைக்கு முன்னால் விரித்துக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். மகள் கூட வரவில்லை.

பாண்டிச்சேரி மைதானத்தில் மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். சான்றிதழில் உள்ளபடி, காரைக்கால் அருளாயி. என் மகள் என் பக்கத்தில், காலில் ஓட்ட ஷூ மாட்டி, எண் குத்தி, தயாராக நிற்கிறாள். அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். "ஒன்னத்தான்டி கூப்புடுறாங்க, போ" என்று முதுகில் தள்ளினேன். கண்ணில் தண்ணீர் நிற்க என்னைப் பார்த்தாள்.

"எம்பேரு அது இல்ல. எங்கிட்ட யாரு கேட்டா? தாத்தாவும் கேக்கல, நீயும் கேக்கல."

மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு விசிலை ஊதிவிட்டார்கள். ஏழு பெண்கள் ஓடினார்கள். எட்டாவது தடம் காலியாக இருந்தது. விளையாட்டு ஆசிரியை என்னைத்தான் திட்டினார், சரியாகவே திட்டினார்.

திரும்பும் பஸ் சீர்காழியைத் தாண்டியது. பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டே, "அம்மாச்சி பேரு எனக்குப் புடிக்கும்மா. ஆனா அது அம்மாச்சியோடது" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அம்மாவைப் பார்த்தது கிடையாது, என் சண்டையைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறது. அந்த மேரி அறையில் நான் போட்ட குரல் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் செத்துப்போனேன். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன், அவளும் எடுக்கவில்லை.

பெயரை மாற்றக் கேட்டு மேரியில் மனு கொடுத்திருக்கிறேன். என் கையாலேயே எழுதினேன். மகளின் விருப்பப்படி நத்தாலி. அப்பா, நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்டதற்காக அல்ல, அவள் கேட்டதற்காக.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டாக்டருக்கும், அவரைப் புரட்டிப் போட எனக்குக் கைகொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், மழையில் நனைந்துகொண்டே பெட்டியைச் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், அப்பா பெயர் வைத்து இன்று வந்து நிற்கும் அத்தனை விக்தோர், நொயெல், மனோன்மணிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கும் நன்றி, வலிக்கிற காலோடு ஒரு வாரம் வந்து கஞ்சி வைத்தார்.

போன வாரம் தம்பி இந்த மலரின் பக்கங்களைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி அனுப்பினான். கடைசிப் பக்கத்தில் 'அன்னாரின் குடும்பத்தார்' என்று ஒரு பட்டியல். உடன்பிறந்த அத்தை இருக்கிறார், நான் இருக்கிறேன், தம்பி இருக்கிறான், மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். எங்களைப் பெற்றவர் இல்லை. நான் பேனாவை எடுத்து எல்லோருக்கும் மேலே ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தம்பி, அதை எடுப்பதாக இருந்தால் இந்தக் கட்டுரையையும் சேர்த்து எடுத்துவிடு. நான் எழுதியது இவ்வளவுதான்.

மனைவி: அருளாயி, போலகம்.